கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி

அத்தியாயம் 4

"மணந்து பாரும்," என்றாள் நிரஞ்சலா.

ஃபாஸில் மேசையில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். துப்பறியும் நிலையத்தில் உதவியாளனாகச் சேர்ந்தபோது துப்பாக்கி கிடைக்கும் என்று நினைத்தவன் அவன். இதுவரை கிடைத்ததெல்லாம் நிரஞ்சலாவின் கார்ச் சாவியும், கீழ்மாடிப் பல் வைத்தியரைத் தேடி வழி தவறி மேலே வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் பொறுப்பும்தான்.

"சட்டியில தொதல் இனிப்பு அடிப்பிடிச்ச மாதிரி ஈக்கு மிஸ்," என்றான். "எங்கட உம்மா ஃபோன்ல பேசிக்கொண்டு கிண்டுற நாளையில வீடு முழுக்க இந்த மணம்தான்."

"அதுதான். லேசரால வெட்டின பலகை. ஓரம் கருகிப் போயிருக்கும், அந்த மணம் கொஞ்ச நாளைக்கு நிக்கும். மயூரதன், நீர் இதைச் சர்மிளாவுக்கு எப்ப குடுத்தனீர்?"

"சித்திரை வருஷத்துக்கு அக்கா."

"இப்ப ஆடிப் பெரஹராவும் தொடங்கியிட்டுது. இவ்வளவு காலத்துக்கு மணம் நிக்காது."

மயூரதன் எதிரே கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான். பேராதனையில் பொறியியல் படித்தவன், லிஃப்ட் கம்பனி ஒன்றில் வேலை. கண்டியில் பாதிப் பேரை மேல் மாடிக்கு ஏற்றிவிடுகிற இந்தப் பிள்ளைக்குத் தன் காதலை மட்டும் தரையைவிட்டுக் கிளப்பத் தெரியவில்லை. சர்மிளாவிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாம். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். இவனோ கேட்பதற்கென்று ஒரு இயந்திரம் செய்தான்.

விளையாட்டுக் கூடங்களில் ஆளுயரத்துக்கு நிற்குமே, காசு போட்டு விளையாடும் ஆர்கேட் பெட்டி, அதன் குட்டி அது. ஒரு சாண் உயரம். பலகைத் துண்டுகளைக் கணினியில் வரைந்து, வத்தேகமவில் ஒரு கடையில் லேசரால் வெட்டுவித்து, பல்லோடு பல் கோத்து நிமிர்த்தியிருந்தான். முகத்தில் தீப்பெட்டி அளவு திரை. அதன் கீழே குட்டி ஜாய்ஸ்டிக் ஒன்று, ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு நீலப் பொத்தான். முதுகுப் பக்கம், முழு மூளையாக ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். விளையாட்டையும் அவனே எழுதினான். பெயர் 'அட்டைக்கடி'. நக்கிள்ஸ் காட்டில் ஒரு பெண் நடந்து போவாள். எல்லாப் பக்கத்தாலும் அட்டைகள் வரும். சிவப்புப் பொத்தானை அமர்த்தினால் உப்புத் தண்ணீர் பீச்சும்.

"மத்த ஆக்கள் ரோசாப்பூ குடுப்பாங்க," என்றான் ஃபாஸில். "நீங்க அட்டை குடுத்தீக்கிறீங்க."

"கடைசிக் கட்டத்தில ஒரு கேள்வி இருக்கெண்டு சொல்லித்தான் குடுத்தனான்," என்றான் மயூரதன். "என்ன கேள்வியெண்டு அவவுக்கு விளங்கும்தானே."

விளங்கியிருந்தது. வினையே அதுதான். சர்மிளாவுக்கு வங்கியில் வேலை. களைத்து வந்து எப்போதாவது சிறிது நேரம் விளையாடுவாள், மூன்றாம் கட்டத்தில் அட்டைக்கு இரையாவாள், போய்ப் படுப்பாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் பிடிவாதமாக உட்கார்ந்து முடிவு வரைக்கும் போனாள். 'ஆட்டம் முடிந்தது' என்று திரையில் வந்தது. அவ்வளவுதான். கேள்வி இல்லை. திரும்ப விளையாடினாள். திரும்பவும் இல்லை. இரண்டு கிழமைக்கு முன் மயூரதன் வீட்டுக்கு வந்து, வயர் பார்க்கிறேன் என்று பெட்டியைத் திறந்து மூடியது ஞாபகம் வந்தது. கேட்க நினைத்ததை அவன் வாபஸ் வாங்கிவிட்டான் என்று முடிவு கட்டினாள். அழவில்லை. சண்டை பிடிக்கவில்லை. பெட்டியை ஒரு பையில் போட்டு அவனுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, "அம்மா, அந்த லண்டன் ஆக்களை வரச் சொல்லுங்கோ," என்றாள்.

அந்த ஆட்கள் இன்று பின்னேரம் அம்பிட்டியவில் சர்மிளா வீட்டுக்கு, பெண் பார்க்க வருகிறார்கள்.

"நான் ஒண்டும் அழிக்கேல்லை அக்கா. இது என்ர பெட்டியே இல்லை. ஃபோன்ல சொன்னன், நல்ல கதையெண்டு வைச்சிட்டா."

"மணத்தை விடும். உம்மட இல்லையெண்டு வேற எப்பிடித் தெரியும்?"

"என்ர பெட்டி ஆடும். மூண்டு மில்லிமீற்றர் பலகையெண்டு நினைச்சு வரைஞ்சன், கடையில இருந்த பலகை அதைவிட மெல்லிசு. பல்லெல்லாம் லூஸ். காகிதத் துண்டு செருகித்தான் நிப்பாட்டினனான். இது கல்லு மாதிரி நிக்குது." தலையைக் குனிந்துகொண்டான். நல்ல வேலை ஒன்றைக் குற்றம் சொல்ல வேண்டியிருந்தது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "பிறகு, இதில பாலம் இல்லை."

"என்ன பாலம்?"

"கடைசிக் கட்டத்தில தொங்குபாலம் ஒண்டு. அதைத் தாண்டினாத்தான் கேள்வி வரும். பாலத்தையும் கேள்வியையும் கடைசியாத்தான் சேர்த்தனான். இதில ஓடுறது அதுக்கு முந்தின விளையாட்டு."

"அந்த முந்தினது வேற ஆரிட்டை இருக்கு?"

மயூரதன் யோசித்தான். கீழே பல் வைத்தியரின் இயந்திரம் கிர்ரென்று ஓடி ஓய்ந்தது.

"வத்தேகம சுரேஸ். வெட்டின கடைக்காரர். அங்கை வைச்சுத்தான் முதல்முதலா ஓட்டிப் பாத்தனான். அவற்றை கொம்பியூட்டரில கிடக்கும்."

நிரஞ்சலா கைப்பையை எடுத்தாள்.

*

பெரஹரா ஊர்வலத்துக்காக வாவிக்கரைப் பக்கம் பாதி றோட்டை அடைத்து வைத்திருந்தார்கள். ஃபாஸில் சந்து சந்தாக வெட்டி, தன் சொந்த ஊரான மடவளைப் பாதையைப் பிடித்ததும் வாயைத் திறந்தான்.

"மிஸ், கேஸ் முடிஞ்சு. நாங்க வத்தேகம போறது சும்மா பெற்றோல் செலவு."

"சொல்லும்."

"பொண்ணுட அம்மாதான். லண்டன் மாப்பிள்ளையக் கொண்டுவந்தது யாரு? பத்மாதேவி அம்மா. பெட்டி ஈந்தது யாருட ஹோல்ல? பத்மாதேவி அம்மாட. கேள்வி இல்லாமப் போனா யாருக்கு நல்லம்?"

நிரஞ்சலா யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் வாழ்க்கைப்பட்டவள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய் விபத்துகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய்த்தான் இந்த நிலையத்தைத் தொடங்கினாள். மற்றவர்கள் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு மறுப்பது அவள் வழக்கம். ஃபாஸிலுக்கு அது பாதியில் மறுப்பதைவிட எரிச்சலாக இருக்கும்.

"பத்மாதேவிக்கு ஒரு பெட்டி பிடிக்காட்டி என்ன செய்வா?"

"குப்பையில போடுவாங்க."

"அச்சொட்டா அதே மாதிரி இன்னொண்டு செய்விச்சு, அதே இடத்தில கொண்டுவந்து வைப்பாவோ? கள்ளன் பொருளை எடுத்துக்கொண்டு போவான். எடுத்த இடத்தில புதுசு வைச்சிட்டுப் போற கள்ளன் ஆர்?"

"வெக்கப்படுற கள்ளன்," என்றான் ஃபாஸில்.

"அப்பிடிச் சொல்லும்."

தன்னைப் பாராட்டினாளா, கிண்டல் செய்தாளா என்று ஃபாஸிலுக்கு மடவளைப் பள்ளிவாசல் தாண்டும் வரைக்கும் பிடிபடவில்லை. அவள் அதற்குள் பின் சீட்டில் இருந்த மயூரதன் பக்கம் திரும்பிவிட்டாள்.

"மயூரதன், கேள்வி வந்தா எப்பிடிப் பதில் சொல்லுறது?"

"சிவப்பு அமத்தினா ஓம். நீலம் எண்டா இல்லை. ஒரு தரம்தான். பதில் சிப்புக்குள்ள பதிஞ்சிடும், கரண்ட் போனாலும் அழியாது. அதுக்குப் பிறகு திரையும் மாறாது."

"விளையாடேலாதோ?"

"ஏலாது. ஓம் எண்டு ஒரு பதில் வந்தா, அதைக் கரண்ட் கட்டில துலைக்கக் கூடாதெண்டு யோசிச்சனான்."

"லிஃப்ட் செய்ற ஆள்," என்றான் ஃபாஸில் கண்ணாடிக்குள் அவனைப் பார்த்து. "எறங்குற பட்டன் வைக்க மறந்தீக்கிறீங்க."

*

சுரேஸின் கடை முழுக்கக் கிண்ணங்களும் கேடயங்களும் பெயர்ப் பலகைகளுமாக இருந்தது. அவன் பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தானே கற்று, தானே கடன்பட்டு, ஒரு லேசர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தான். அது கண்ணாடி மூடிக்குள் நீலமாக ஒளிர்ந்து, ஏதோ ஒரு பாடசாலையின் வெற்றி வீரர்களை வெட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க மேடம். வாங்க தம்பி, எங்க இந்தப் பக்கம்?" மயூரதன் கையில் இருந்த பெட்டியைக் கண்டதும் அவன் முகம் மாறியது. "என்ன, ஆடுதா?"

"ஆடேல்லை," என்றான் மயூரதன். "அதுதான் பிரச்சினை."

"ஒங்க படத்துல அளவு தப்பு தம்பி. போன தடவையே சொல்லணும்னு இருந்தேன். இந்தத் தடவ நானே பலகைய அளந்து திருத்தி வெட்டிட்டேன்." அவனுக்குப் பெருமையாக இருந்தது. "கோந்துகூடத் தேவைப்படல."

"ஆர் வந்து செய்விச்சது?" என்று கேட்டாள் நிரஞ்சலா.

"ஒரு பெரியவருங்க. மாஸ்க், கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கையில குடை. பழைய பெட்டியச் சாப்பாட்டுப் பையில வெச்சுக் கொண்டாந்தாரு. அடியில நம்ம கடைப் பேரு இருக்கில்ல, அதப் பார்த்துத்தான் வந்திருக்காரு. இதே மாதிரி இன்னொண்ணு வேணும்னாரு."

"அந்தப் பெட்டியை ஓட்டிப் பாத்தனீங்களோ?"

"கரண்ட் குடுக்கவே விடலீங்க. ஒயரப் புடிக்கப் போனா கையத் தட்டிவிட்டாரு. அதனால எங்கிட்டக் கெடந்த வெளையாட்டையே புதுசுல ஏத்திக் குடுத்திட்டேன்."

"கூலிக்கு ஆள் புடிச்சீக்கிறாங்க," என்று ஃபாஸில் நிரஞ்சலாவின் காதுக்குள் சொன்னான். பத்மாதேவியை விட அவனுக்கு மனமில்லை.

"ஆள் ஏதும் வித்தியாசமா நடந்தவரோ?"

சுரேஸ் சிரித்துவிட்டான். "வித்தியாசமாவா? மொத நாள் வந்து வெலை மட்டும் கேட்டுட்டுப் போயிட்டாரு. மறுநாள் திரும்ப வந்தாரு. கட்டுகஸ்தோட்டையில ஒரு கடையிலயும் பேராதனையில ஒரு கடையிலயும் கேட்டேன், மூணுலயும் ஒங்களுதுதான் கொறைவுன்னாரு. அப்புறம் சாம்பிள் கேட்டாரு. துண்டு ஒண்ணு வெட்டிக் குடுத்தா, அதப் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கிறாரு. வேலை முடிஞ்சதும், தரம் திருப்தின்னு சொல்லிக் கை குடுத்தாரு. எனக்கு என்னமோ அரசாங்க டெண்டர் கெடைச்ச மாதிரி இருந்திச்சிங்க."

"களவுக்கு மூணு எடத்துல வெலை கேட்ட மொதல் மனிசன்," என்றான் ஃபாஸில். "இவர்ட கையில நாட்டைக் குடுத்தா நாங்க எப்பவோ உருப்பட்டிருப்போம்."

நிரஞ்சலா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் உதட்டை மடித்துக்கொண்டால் கேஸ் பாதி முடிந்துவிட்டது என்று ஃபாஸிலுக்குத் தெரியும். எந்தப் பாதி என்றுதான் தெரியாது.

"ஆருக்கெண்டு சொன்னவரோ?"

"நானும் கேட்டேன். எங்க மருமகன் ஆசையாச் செஞ்சது, பழுதாயிருச்சுன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள மனசு ஒடைஞ்சு போவும்னாரு. நல்ல மனுசனாத்தாங்க தெரிஞ்சாரு."

"என்னை மருமகன் எண்டு சொல்ல இந்த நாட்டில ஒருதரும் இல்லையே," என்றான் மயூரதன்.

"பாப்பம்," என்றாள் நிரஞ்சலா.

*

அம்பிட்டிய வீட்டில் பலகாரத் தட்டுகள் மேசைக்கு வந்துவிட்டன. பத்மாதேவி பட்டுச்சேலையில், கதவைத் திறந்தபடி மூன்று பேரையும் பார்த்தாள். மயூரதனைப் பார்த்த பார்வையில் ஒரு அட்டை செத்திருக்கும்.

"இண்டைக்கு வீட்டில ஒரு அலுவல் இருக்கு," என்றாள்.

"தெரியும் அம்மா. கொஞ்ச நேரம்தான். பெட்டி ஒண்டைப் பற்றிக் கதைக்க வேணும்."

"வரட்டும் அம்மா," என்றது உள்ளே ஒரு குரல். சர்மிளா. ஊதாச் சேலை கட்டி, பூ வைக்க மறுத்து, சோபாவின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "என்ன பொய் சொல்லுகினம் எண்டு கேப்பம்."

சாய்வு நாற்காலியில் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார் அவளுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராசா. அரசாங்க அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மனைவி பேசுவாள், மகள் பேசுவாள், இவர் பத்திரிகை வாசிப்பார். மகளும் மனைவியும் வேலைக்கும் கோயிலுக்கும் போகிற பகல் வேளைகளில் வீட்டில் தனியாக இருப்பவரும் இவர்தான்.

நிரஞ்சலா பெட்டியைக் குட்டி மேசையில் வைத்தாள். கள்ளனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அயல்வீட்டுக்காரியைப் போல உட்கார்ந்து, விளையாட்டைக் குறை சொல்லத் தொடங்கினாள்.

"சர்மிளா, இதில கேள்வி வராததுக்கு ஆரையும் குற்றம் சொல்லேலாது. விளையாட்டே பிழை. கடைசிக் கட்டத்தில ஒரு தொங்குபாலம் வருதாம். ரெண்டு பக்கத்தாலையும் அட்டை. மனிசராப் பிறந்த ஒருதரும் அதைத் தாண்டேலாது."

"என்ர விளையாட்டில அப்பிடி…" என்று தொடங்கிய மயூரதனின் காலை ஃபாஸில் மிதித்தான். ஏன் மிதித்தான் என்று அவனுக்கே தெரியாது. நிரஞ்சலா கண்ணைக் காட்டியிருந்தாள்.

"தாண்டேலாதெண்டா தாண்டேலாதுதான்," என்றாள் நிரஞ்சலா. "குருட்டு வேலை."

பத்திரிகை இறங்கியது.

"ஏன் ஏலாது?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "ஓடினாத்தான் ஏலாது. நடுப் பாலத்தில நிண்டுகொண்டு முதல் இடப் பக்கத்துக்கு அடிக்க வேணும். வலப் பக்கத்து அட்டை பிந்தித்தான் வரும். அது தெரியாமல் சும்மா பிள்ளையின்ர வேலையைக் குறை சொல்லக் கூடாது."

பத்மாதேவியின் கையில் இருந்த தட்டில் முறுக்கு ஒன்று உருண்டு நின்றது.

"அப்பா," என்றாள் சர்மிளா மெதுவாக. "நான் ஆடி முடிச்ச பெட்டியில பாலமே இல்லை."

"இந்தப் பெட்டியில இல்லை," என்றாள் நிரஞ்சலா. "பாலம் இருந்தது ஒரே ஒரு பெட்டியில. அதைத் தாண்டினவர்தான் அதை எடுத்தவர். மூண்டு கடையில விலை கேட்டு, தரம் பாத்து, இதைச் செய்விச்சு வைச்சவரும் அவர்தான். ஐயா, அது எங்கை?"

ஸ்ரீஸ்கந்தராசா எழுந்து அறைக்குள் போனார். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சாப்பாட்டுப் பை ஒன்றைக் குழந்தையைப் போல ஏந்தி வந்தார். அதற்குள் இருந்து எடுத்த பெட்டி மேசையில் வைத்ததும் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. மயூரதன் தன் பிள்ளையைக் கண்டதுபோல் பார்த்தான்.

"பகலில நான் தனியத்தானே," என்றார். "செய்தியெல்லாம் ஒரே செய்தி. சும்மா ஒருநாள் தொட்டுப் பாத்தன். பிறகு விடேலாமல் போச்சு. அண்டைக்குப் பாலத்தில மழை மாதிரி அட்டை. சிவப்பை விடாமல் குத்திக்கொண்டு போனன். பாலம் முடிஞ்சுது, கை நிக்கேல்லை. ஏதோ எழுத்து வந்தது. கண்ணாடி போடேல்லை. போட்டுப் பாத்தால்…"

வயரைத் தானே சுவரில் செருகினார்.

குட்டித் திரை விழித்தது. 'என்னைக் கலியாணம் செய்வீரா?' என்று ஒரு வரி. அதன் கீழே, 'ஓம்.' அதற்கும் கீழே, 'நன்றி. எனக்கு எண்டைக்கும் நீர்தான்.' ஒரு சிவப்பு இதயம் விட்டு விட்டுத் துடித்தது.

ஃபாஸில் தொண்டையைச் செருமினான். "அப்ப மயூரதனுக்கு ஏற்கெனவே நிச்சயம் பண்ணியாச்சு. பொண்ணுதான் வேற."

"என்ன அமத்தியும் போகேல்லை," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "ஓம் எண்டது ஓம்தான். பிள்ளைக்கு வந்த கேள்விக்கு அப்பன் பதில் சொல்லிப்போட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதுதான் புதுசொண்டு செய்விச்சன். அதிலையும் கேள்வி வரும், பிள்ளை தானே பதில் சொல்லட்டும் எண்டு நினைச்சன். வராதெண்டு ஆருக்குத் தெரியும்?"

பத்மாதேவி தட்டை வைத்தாள்.

"என்னைக் கேட்டு வந்தநேரம் நீங்கள் வேற ரெண்டு இடம் பாத்திட்டுத்தானே வந்தனீங்கள்," என்றாள். "ஓம் சொல்ல எவ்வளவு காலம் எடுத்தனீங்கள் எண்டு இந்தப் பிள்ளைக்குச் சொல்லட்டோ? இந்தப் பொடியனுக்கு மட்டும் பாத்த உடனையோ?"

"நான் கண்ணாடி போடேல்லை எண்டு சொன்னன்தானே."

சர்மிளா இதையெல்லாம் கேட்கவில்லை. அவள் ஆடும் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். திரையை வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

"மயூரதன்," என்றாள். "அப்ப நான் இந்தப் பாலத்துக்கு வந்திருந்தாலும், கேள்வியை வாசிக்க முதலே ஓம் எண்டிருப்பன்."

மயூரதன் பெட்டியை எட்டிப் பார்த்தான். "ஓம். கேள்வி வந்தாப் பிறகு கொஞ்ச நேரம் பொத்தானைக் கவனிக்காமல் விட்டிருக்க வேணும். என்ர பிழை. ஒரு வரி எழுதினாக் காணும். லாப்டொப் காரிலதான் கிடக்கு, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து பழைய பதிலையும் அழிச்சு…"

"இரும்."

பாதி எழுந்தவன் இருந்தான்.

"ஒரு வரியும் எழுத வேண்டாம். வாய் இருக்குத்தானே. கேளும்."

சாலையில் ஒரு வான் இரைந்துகொண்டு மேட்டில் ஏறியது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அது கடந்து போனது. மயூரதன் பலகையை வெட்டி, சிப்பைச் செருகி, அட்டைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தது எல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்கு வராமல் தப்புவதற்குத்தான் என்று ஃபாஸிலுக்கு இப்போதுதான் விளங்கியது. நல்ல பகிடி ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. நிரஞ்சலாவின் செருப்பு அவன் காலைத் தேடுவது தெரிந்து, அதை விழுங்கினான்.

"சர்மிளா," என்றான் மயூரதன் தரையைப் பார்த்து. "என்னைக்… கலியாணம்…"

"என்னைப் பாத்து. முழுசா."

அவன் நிமிர்ந்தான். "என்னைக் கலியாணம் செய்வீரா?"

சர்மிளா அவசரப்படவில்லை. பெட்டியை மடியிலிருந்து இறக்கி, ஆடாமல் நிற்கும்படி சுவரோடு சாய்த்து வைத்தாள். சேலையைச் சரி செய்தாள்.

"ஓம்," என்றாள். "இது கேள்வியைக் கேட்டிட்டுச் சொல்லுறது."

ஸ்ரீஸ்கந்தராசா மெல்லப் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே தூக்கினார். பத்மாதேவி அதைப் பிடுங்கி மடித்து வைத்தாள். அந்த வெறுங்கையில் தன்னுடைய ஃபோனைத் திணித்தாள்.

"லண்டன் ஆக்களோட நீங்களே கதையுங்கோ," என்றாள். "நீங்கள்தானே முதல் ஓம் சொன்னது."